மதுரையில் துருவ நட்சத்திரம் தெரியாத மாடியில் மவுண்டை நேராக்கிய கதை

வீடியோ வானியலுக்கு, அதாவது தொலைநோக்கியில் கேமரா பொருத்தி வானத்தைத் திரையில் பார்ப்பதற்கு, முதலில் ஆல்ட்-அஸிமத் மவுண்டைத்தான் (மேல்-கீழாகவும் இட-வலமாகவும் திரும்பும் தாங்கி) யோசித்தேன். வைத்ததும் வேலை செய்யும், சுமையும் குறைவு. ஆனால் மதுரையில் ஓரியன் நெபுலா (ஒளிரும் வாயு மேகம்) உச்சத்துக்கு வரும்போது சுமார் 75 பாகை உயரத்தில் நிற்கும். அங்கே ஆல்ட்-அஸிமத்தில் படம் வேகமாகச் சுழலும். 10 விநாடி எக்ஸ்போஷரிலேயே ஓரத்து நட்சத்திரங்கள் இழுபடும். அதனால் ஈக்குவடோரியல் மவுண்டுக்கு (பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழலும் தாங்கி) மாறினேன்.

அப்புறம் வந்தது உண்மையான சிக்கல். இந்த மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் திருப்ப வேண்டும். இங்கே அதன் உயரமே சுமார் 10 பாகைதான். என் மாடியில் பக்கத்துக் கட்டடம் அதை முழுக்க மறைக்கிறது. அச்சு இவ்வளவு தாழ்வதால், தொலைநோக்கியைச் சமன்செய்யும் எதிர்எடை முக்காலியின் வடக்குக் காலில் இடித்தது. முக்காலியைத் திருப்பி, வடக்கே இரண்டு கால்களுக்கு நடுவில் எடை இறங்கும்படி வைத்ததும் அது சரியாயிற்று.

அச்சை நேராக்க டிரிஃப்ட் முறைதான் (நட்சத்திரம் நகரும் திசையைப் பார்த்துத் திருத்துவது) கைகொடுத்தது, கேமரா இருந்தால் அது மிகவும் சுகமான வேலை. தெற்கில், வான நடுக்கோட்டருகே (பூமத்திய ரேகைக்கு நேர்மேலே வானில் செல்லும் கோடு) உச்சத்தில் நிற்கும் நட்சத்திரத்தைத் திரையில் வையுங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகம் சாய்ந்திருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே. அடுத்து கிழக்கில் தாழ்வாக உள்ள ஒன்று: தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. நகர்வு நிற்கும்வரை திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

பிறகு ஷார்ப்கேப் என்ற கேமரா மென்பொருளில் லைவ் ஸ்டாக்கிங் (படங்களை உடனுக்குடன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது) போட்டேன். நெபுலாவின் சிறகுகள் திரையில் ஒவ்வொரு அடுக்காக விரிந்தன.