அலைகரையில் பூவல் தோண்டுவது எப்படி?

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் வட இலங்கையின் வன்னிக் குளங்கள் வற்றி, மிஞ்சிய தண்ணீரில் பச்சைப் பாசி பிடித்துவிடும். அதே குளத்தின் அலைகரையில், அதாவது கட்டுக்கு எதிர்ப்புறம் தண்ணீர் ஏறி வடியும் சரிவான கரையில், மணலில் பூவல் என்னும் சிறு ஊற்றுக்குழி தோண்டினால் தெளிந்த தண்ணீர் ஊறும். எங்கள் அம்மம்மா குடத்தோடு போய் அள்ளியது இப்படித்தான். தோண்டிப் பழக்கமில்லாதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இடம் பார்க்க வேண்டும். பாதி வேலை இதுதான். குளக்கட்டில் மண்வெட்டி படவே கூடாது. தண்ணீர் கசிய வழி கிடைத்தால் கட்டே உடையும். அலைகரைப் பக்கம் போங்கள். இரணைமடுக் குளத்துக்குக் கனகராயன் ஆறு, வவுனிக்குளத்துக்குப் பாலியாறு என்று ஆறு வந்து இறங்கும் பக்கத்தில் ஓட்டம் தணிவதால் மணல் படியும். ஈரமண்ணை ஒரு பிடி அள்ளி உருட்டுங்கள். உருண்டை திரண்டால் களிமண், ஊறாது. உதிர்ந்தால் நல்லது. மாடு இறங்கும் துறை, மருந்தடித்த வயலின் கழிவு வாய்க்கால், மலசலகூடம் இவற்றுக்குக் கிட்டவே வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நட்ட பக்கம் காலே வைக்காதீர்கள். முதலை கிடக்கும் குளமா என்றும் ஊராரிடம் கேளுங்கள்.

அடுத்து, தண்ணீர் விளிம்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு தப்படியாவது தள்ளித் தோண்டுங்கள். கிட்டத் தோண்டினால் கெதியாய் ஊறும், ஆனால் மணலுக்குள் வரும் தூரம் போதாது. ஈரம் கண்ட பிறகு இன்னும் ஒன்றரை அடி போதும். மணல் சரியும், அதனால் வாயை அகலமாக வெட்டுங்கள். இடுப்பளவுக்கு மேல் இறங்காதீர்கள். அடியை வெட்டிய வாளி ஒன்றை உள்ளே இறக்கினால் சுவர் நிற்கும்.

முதல் ஊறும் தண்ணீர் கலங்கல்தான். சிரட்டையால் மெல்ல அள்ளி ஊற்றுங்கள். மூன்று நான்கு தரம் இறைத்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். ஒரேயடியாக வற்ற இறைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. தண்ணீர் அவசரமாக ஓடிவந்தால் மணல் தன் வேலையைச் செய்யாது.

அந்த வேலை வெறும் வடிகட்டல் மட்டுமல்ல. குளத்துத் தண்ணீர் மணலைத் தொடும் இடத்தில் நுண்ணுயிர்கள் வழுவழுப்பான படலமாய்ப் படர்ந்து அழுக்கை உண்கின்றன. தப்பி உள்ளே வரும் கிருமிகளில் பல மணலில் ஒட்டிச் சாகின்றன. 1892இல் ஜெர்மனியின் ஹம்பர்க்கில் எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிக்காமல் குடித்தவர்களில் 8,000க்கும் மேற்பட்டோர் கொலராவால் இறந்தார்கள். ஒட்டியிருந்த அல்டோனாவும் அதே ஆற்றில், அதுவும் ஹம்பர்க்கின் கழிவு கலந்த கீழ்ப்பக்கத்தில்தான் தண்ணீர் எடுத்தது. ஆனால் மணலில் வடித்துக் கொடுத்தது. அங்கே சாவு மிகக் குறைவு. பெர்லின் இன்றும் ஏரிக்கரைக் கிணறுகளில் தண்ணீர் எடுக்கிறது.

ஆனாலும் பூவல் தண்ணீரைத் துணியில் வடித்து, நன்றாகக் கொதித்த பிறகே குடியுங்கள். உவர், புளோரைட்டு, உரத்தின் நைத்திரேற்று எதையும் இந்த மணல் நீக்கும் என்று நம்ப முடியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. தண்ணீர் உவர்த்தால் வேறு இடம் பாருங்கள். செம்மஞ்சள் படலம் மிதந்தால் இரும்புச் சத்து. திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் அடையவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் வார்த்தெடுங்கள்.

வாயைக் கிடுகால் மூடி, சுற்றி முள் போடுங்கள். ஐப்பசி மழைக்குக் குளம் ஏறுமுன் வாளியை எடுத்துவிட்டுக் குழியை மணலால் நிரப்புங்கள், கன்றோ பிள்ளையோ தவறி விழாமல்.