கம்பெனி ரிம்மிலேயே பெரிய டயர்: வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்

போடியிலிருந்து போடிமெட்டு மலைப்பாதை ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிற பொலிரோ என்னுடையது. தார் ரோடு இருக்கும்வரை கவலை இல்லை. தோட்டத்துக்குள் திரும்புகிற கடைசி மண்பாதைதான் ஆடி மாதத்தில் ஆளைக் கொல்லும். அதனால் பட்டன் டயர் (ஆழமான கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும் டயர்), அதுவும் ஒரு சுற்றுப் பெரிதாகப் போடலாம் என்று முடிவுசெய்தேன். முதல் தடவை அளக்காமல் வாங்கினேன். மேலே ஏறும்போது ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம் காய் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முன்சக்கரத்தில் ‘கர்ர்ர்’ என்று உரசல். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரமெல்லாம் முன்பக்கம் சாய்ந்து ஸ்பிரிங் அமுங்கும். அந்த நேரம் பார்த்து ஸ்டீயரிங்கையும் முழுசாக ஒடித்தால் உரசாமல் என்ன செய்யும்?

முதலில் இப்போது இருக்கும் டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். என் வண்டியில் 215/75 ஆர்15. அகலம் 215 மில்லிமீட்டர், அதில் 75 சதவீதம் பக்கச்சுவர் உயரம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். பக்கச்சுவர் 161.25. மேலும் கீழுமாக இரண்டு முறை கூட்டினால் மொத்த உயரம் 703.5 மில்லிமீட்டர். நான் ஆசைப்பட்ட 235/75 ஆர்15-க்கு இதே கணக்கைப் போட்டால் 733.5 வருகிறது.

வித்தியாசம் 30 மில்லிமீட்டர். வண்டி உயர்வது அதில் பாதி, 15 தான். ஒன்றரை சென்டிமீட்டருக்கா இத்தனை பாடு என்று வீட்டில் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், சேற்றில் உதவுவது பட்டனின் ஆழம், உயரம் இல்லை. அதே அளவில் ஏ.டி. டயர் (ஆல் டெரெய்ன், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது) கிடைத்தால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுவே போதும் என்பேன். இந்தப் பதிவையும் அங்கேயே மூடிவிடலாம்.

இல்லை, பெரிசுதான் வேண்டும் என்றால் அடுத்து ரிம்மைப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றினால் உள்பக்கமோ வால்வுக்குப் பக்கத்திலோ 6J×15 என்பதுபோல் அடித்திருக்கும். அந்த 6 ரிம்மின் அகலம், அங்குலத்தில். 215/75 ஆர்15 டயருக்கு ஐந்தரை முதல் ஏழு அங்குலம் வரை ஆகும். 235/75 ஆர்15-க்குக் குறைந்தது ஆறு வேண்டும். ஐந்தரை அங்குல ரிம்மில் 235-ஐக் கடைக்காரர் ஏற்றிவிடுவார், காற்றும் நிற்கும். ஆனால் டயர் உப்பிக்கொண்டு நடுப்பகுதி மட்டும் தேயும், வளைவில் வண்டி அலையும். எங்கள் ஊர் டயர் கடை அண்ணன் சொன்னது: “மாட்டச் சொன்னா மாட்டிருவேன் தம்பி. ஓட்டப் போறது நீதான்.”

பாரக் குறியீட்டையும் விட்டுவிடாதீர்கள். அளவுக்குப் பின்னால் வரும் எண் 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900. பழைய டயரில் இருப்பதைவிடக் குறைந்து போகக்கூடாது.

இனிதான் நான் தவறவிட்ட வேலை. வண்டியில் வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றுங்கள். ஒரு முன்சக்கரத்தை உறுதியான மேடையிலோ அகலக் கல்லிலோ ஏற்றி நிறுத்தினால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, ஸ்டீயரிங்கை இடது கோடிவரை ஒடித்து அளவெடுங்கள், பிறகு வலது கோடி. மட்கார்டின் உள்விளிம்பு, பம்பரின் பின்முனை, சேஸிஸ், பிரேக் ஹோஸ் என எல்லா இடத்திலும் இடைவெளி பாருங்கள். புது டயர் சுற்றிலும் 15 மில்லிமீட்டர், உள்ளும் வெளியும் பத்துப் பத்து மில்லிமீட்டர் கூடுதலாக இடம் கேட்கும். பட்டன் டயரின் தோள் இன்னும் கொஞ்சம் துருத்தும். எங்காவது 30 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அந்த அளவை மறந்துவிடுங்கள். மட்கார்டுக்குள் காய்ந்து ஒட்டியிருக்கும் செம்மண்ணில் ஏற்கெனவே எங்காவது பளபளவென்று தேய்ந்த தடம் தெரிகிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் இப்போதிருக்கும் டயரே அங்கே உரசுகிறது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உங்கள் மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவா என்று டீலரிடமும், கிளெய்மில் தொல்லை வருமா என்று இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், செக்போஸ்ட் தாண்டியதும் கேரள எம்.வி.டி. (மோட்டார் வாகனத் துறை) கண்ணில் அதுதான் முதலில் படும்.

மாட்டும் நாளில் கடையில் கூடவே நில்லுங்கள். டயரில் தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக இருக்கும். 1225 என்றால் 2025-இன் 12ஆவது வாரம். ரிம்மின் விளிம்பில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், டியூப்லெஸ்ஸில் காற்று கசிவது பெரும்பாலும் அங்கேதான். வால்வும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். விளிம்பில் சோப்புத் தண்ணீர் மட்டும், கிரீஸோ ஆயிலோ வேண்டாம். டயர் ‘டப்’ என்று உட்காரும்வரை காற்று ஏற்றும்போது குனிந்து பார்க்காதீர்கள். காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போயும் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கிவிட்டு மறுபடி சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். பிறகு பேலன்சிங், அலைன்மென்ட்.

ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயராக வாங்குங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீல் வண்டியில் மூன்று பெரிசும் ஒரு சின்னதுமாக ஓட்டினால் கியர் பெட்டியிலும் ஆக்சிலிலும் இழுபறி வரும். கதவில் தொங்குகிற ஸ்டெப்னி என்றால் கூடுதல் எடைக்குக் கீலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது இரண்டு மாற்றம் தெரியும். மீட்டர் முன்பு காட்டியதைவிட 4 சதவீதம் குறைத்துக் காட்டும்: முன்பு 60 காட்டிய வேகத்தில் இப்போது 57 அல்லது 58. கிலோமீட்டர் கணக்கும் அப்படியே, மைலேஜ் பார்க்கும்போது மறக்காதீர்கள். இரண்டாவது, வளைவு ஏற்றத்தில் இரண்டாம் கியர் திணறும். ஹாஃப் கிளட்சில் இழுக்காமல் முதல் கியருக்கு இறங்கிவிடுங்கள், கிளட்ச் பிளேட் மிஞ்சும்.

மண்பாதையில் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். கம்பெனி ரிம்மில் அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டு நழுவ வாய்ப்புண்டு. தாரில் ஏறுமுன் பழையபடி ஏற்றிவிட வேண்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஓடும் சின்ன பம்ப் போதும்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள், எதிரெதிராக, சக்கரம் தரையில் இருக்கும்போது. போடியிலிருந்து மூணாறு போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் தாண்டிவிடும். போன மாதம் நான் முடுக்கியபோது பின்சக்கரத்தில் இரண்டு நட்டு கால் சுற்றுத் திரும்பின.