லினக்ஸ் சர்வரில் பயனர் கணக்கை நீக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம், வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை நீக்கச் சொன்னேன். கணக்கை நீக்கும் யூசர்டெல் கட்டளையை ஒரே ஒரு வரியில் அடித்துவிட்டு, "முடிச்சாச்சுண்ணே" என்றார். நானும் ஒரு காலத்தில் அதே வரியை அடித்து, அதையேதான் சொன்னேன். அதன் விலை எனக்குத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன். தப்பான பெயரை நீக்குவது, பேக்கப் எடுக்க மறப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன்.

ஆள் போனதும் அவர் கோப்புகளும் போய்விட்டதாக நினைப்பது

கோப்பின் உரிமையாளர் என்று லினக்ஸ் குறித்து வைப்பது பெயரை அல்ல, யுஐடி என்ற எண்ணை. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் பயனர்களுக்கான எண் 1000-இல் தொடங்கும். எந்த எண் யாருடையது என்பது பயனர் பட்டியலான பாஸ்வேர்ட் கோப்பில் இருக்கும் ஒரு வரி, அவ்வளவுதான். யூசர்டெல் அந்த வரியை எடுத்துவிடும். மைனஸ் ஆர் சேர்த்தால் ஹோம் ஃபோல்டரும் மெயில் பெட்டியும் சேர்ந்து போகும். அவர் வேறு இடங்களில் வைத்தவை அப்படியே கிடக்கும்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆய்வகச் சர்வரில், படிப்பு முடிந்து போன மாணவி ஒருவரின் கணக்கை இப்படித்தான் நீக்கினேன். அவருடைய அளவீடுகள் எல்லாம் பொதுவான டேட்டா டிஸ்க்கில் இருந்தன. அங்கே பட்டியல் எடுத்தால் உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் 1012 என்று வெறும் எண் நின்றது. பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. இரண்டு வாரம் கழித்துப் புதுப் பையன் ஒருவருக்குக் கணக்கு திறந்தேன். டெபியனில் கணக்கு திறக்கும் ஆட்யூசர் கட்டளை காலியாக இருக்கும் முதல் எண்ணை எடுத்துக் கொடுக்கும். கொடுத்தது 1012.

அந்த நிமிடமே மாணவியின் ஃபோல்டர் முழுவதும் அந்தப் பையன் பெயருக்கு மாறிவிட்டது. இடம் பற்றவில்லை, அவரவர் ஃபோல்டரைச் சுத்தம் செய்யுங்கள் என்று நானே எல்லோருக்கும் மெயில் போட்டேன். தன் பெயரில் இருந்த, தான் வைக்காத குப்பையை அவர் அழித்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு பருவம் முழுக்க எடுத்த அளவீடுகள் போயின. அந்த டிஸ்க்குக்கு பேக்கப் கிடையாது. அந்த மாணவியிடம் போனில் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால்தான் "முடிச்சாச்சு" என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. முதலில் கணக்கை முடக்குங்கள். அவருடைய எண்ணைக் குறித்துக்கொண்டு, ஃபைண்ட் கட்டளையால் மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது சர்வரோடு இணைந்திருக்கும், ஒவ்வொரு டிஸ்க்கிலும் அந்த எண்ணுக்குரிய கோப்புகளைத் தேடுங்கள். உரிமையாளரை மாற்றும் சோன் கட்டளையால், அந்த வேலையை ஏற்கிறவர் பெயருக்கு அவற்றை மாற்றுங்கள். நீக்குவது அதற்குப் பிறகுதான். ஏற்கெனவே நீக்கியாகிவிட்டதா? ஃபைண்டில் நோயூசர் என்று கொடுத்தால் உரிமையாளர் இல்லாத கோப்புகள் வரும். ஆனால் அந்த எண் வேறொருவருக்குப் போய்விட்டால் அதில் எதுவும் சிக்காது. நான் இப்போது எண்களை நானே நோட்டில் எழுதிக் கொடுக்கிறேன். ஒருவருக்குக் கொடுத்த எண்ணை இன்னொருவருக்குத் தருவதே இல்லை.

பாஸ்வேர்டை மட்டும் பூட்டுவது

தொலைவிலிருந்து பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே வர உதவும் எஸ்எஸ்ஹெச் சாவி வைத்திருப்பவர் அதற்குப் பிறகும் உள்ளே வருவார். கணக்கின் காலாவதித் தேதியையே பழசாக்குங்கள். கணக்கின் விவரங்களை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் காலாவதி 1 என்று கொடுத்தால் 1970 ஜனவரி 2 என்று பதிவாகும், சாவியும் செல்லாது.

மைனஸ் எஃப் போட்டு நீக்குவது

மைனஸ் எஃப் என்றால் கட்டாயமாக நீக்கு என்று பொருள். கணக்கு பயன்பாட்டில் இருக்கிறது என்று யூசர்டெல் மறுத்தால் அதற்குக் காரணம் உண்டு: அவர் பெயரில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. என்னவென்று பாருங்கள். ஒருமுறை அப்படிப் பார்த்தபோது, துறை முழுக்க நம்பியிருந்த ராத்திரிக் கணக்கீடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

க்ரான்டேப்

அவர் பெயரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல் இது. நீக்குவதற்கு முன்னால் திறந்து படியுங்கள்.

சூடோ அனுமதி

சூடோ என்பது நிர்வாகியின் (ரூட்) அதிகாரத்தில் கட்டளை இயக்கும் வழி. யாருக்கு அந்த அனுமதி என்று குறிக்கும் சூடோயர்ஸ் கோப்பில் அவர் பெயர் தனி வரியாக இருந்தால், கணக்கு போனாலும் அந்த வரி போகாது. நாளைக்கு அதே பெயரில் கணக்கு திறந்தால் ரூட் அதிகாரமும் கூடவே வரும்.

அவருக்குத் தெரிந்த பொதுப் பாஸ்வேர்டுகள்

அன்றைக்கே மாற்றுங்கள்.