ரிவெர்ப் ப்ளக்கினைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்: முதன்முறையாக மிக்ஸ் செய்பவர்களுக்கு

காலியான ஓர் அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். முதலில் தட்டிய ஓசை நேராகக் காதுக்கு வருகிறது. பிறகு சுவர்களில் பட்டுத் திரும்பிய ஓசைகள் சில தனித்தனியாக வருகின்றன. அதன்பின் அவையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, மெல்லத் தேய்ந்து மறைகின்றன. ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், மூன்றரை மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் பட்டுத் திரும்ப அதற்குச் சுமார் 20 மில்லி விநாடி ஆகும். இத்தகைய சிறு தாமதங்களைக் கொண்டே, அறை எவ்வளவு பெரியது, பாடுபவர் எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதை நம் காது கணித்துவிடுகிறது. தமிழில் எதிர்முழக்கம் எனப்படும் இதைத்தான், இசைப்பதிவு மென்பொருளில் சேர்த்துப் பயன்படுத்தும் துணை நிரலான ரிவெர்ப் ப்ளக்கின் செயற்கையாக உருவாக்குகிறது. ஆகவே ரிவெர்பைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் பாடகரைக் கேட்பவரிடமிருந்து சற்றுப் பின்னால் நகர்த்துகிறோம் என்பதை நினைவில் வையுங்கள். கீழே உள்ள எல்லா முடிவுகளும் இதிலிருந்தே வருகின்றன.

படி 1: வகையைத் தேர்ந்தெடுத்தல்

ப்ளக்கினைத் திறந்தவுடன் ரூம், ஹால், சேம்பர், பிளேட், ஸ்பிரிங் என்ற பெயர்களைக் காண்பீர்கள். ரூமும் ஹாலும் பெயருக்கேற்பச் சிறிய அறையையும் பெரிய அரங்கத்தையும் போலச் செய்பவை. சேம்பர் என்பது, ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்து எதிரொலியைப் பதிவதற்காகவே ஸ்டுடியோக்கள் கட்டிய வெற்றறையின் சாயல். ஸ்பிரிங், கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் கேட்டுப் பழகிய கம்பிச்சுருள் ஓசை. பிளேட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1957இல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் வெளியிட்ட 140 என்ற கருவியில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய பெரிய எஃகுத் தகடு ஒன்றை அதிரவைத்து, அந்த அதிர்வையே மீண்டும் ஒலியாக எடுத்தார்கள். தகட்டுக்குச் சுவர்கள் கிடையாது என்பதால் தனித்தனியான முதல் எதிரொலிகள் இல்லாமல், தொடக்கத்திலிருந்தே அடர்த்தியான ஓசை கிடைத்தது. குரலை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகாமல் அதைச் சுற்றி ஒரு மினுமினுப்பை மட்டும் சேர்ப்பதால், தொடங்குபவர்கள் குரலுக்குப் பிளேட்டையே முதலில் முயல வேண்டும் என்பது என் கருத்து.

செயல்படும் முறையில் ப்ளக்கின்கள் இரு வகைப்படும். கணக்கீட்டு முறையில் எதிரொலிகளை உருவாக்குபவை ஒரு வகை; உண்மையான இடத்தில் பதிந்த எதிரொலி மாதிரியைக் கொண்டு வேலை செய்யும் கன்வல்யூஷன் ரிவெர்புகள் மற்றொரு வகை. பின்னது இயல்பாக ஒலிக்கும் என்றாலும், முன்னதில்தான் ஒவ்வொரு குமிழும் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகக் கற்க முடியும். ஆப்பிளின் இசைப்பதிவு மென்பொருளான லாஜிக்கில் குரோமாவெர்ப் கணக்கீட்டு முறையையும், ஸ்பேஸ் டிசைனர் கன்வல்யூஷன் முறையையும் சேர்ந்தவை. தனியாக ஒன்று வேண்டுமென்றால், இலவசமாகக் கிடைக்கும் டிராகன்ஃபிளை ரிவெர்பே போதுமானது. அதில் ரூம், ஹால், பிளேட் மூன்றும் உண்டு. ஒன்றைத் தேர்ந்து அதிலேயே சில பாடல்களை முடித்த பிறகு அடுத்ததைத் தேடலாம்.

படி 2: சென்ட் வழியாக இணைத்தல்

ப்ளக்கினை நேரடியாகக் குரல் டிராக்கில் போடாமல், தனியாக ஓர் ஆக்ஸ் டிராக்கை (பிற டிராக்குகள் அனுப்பும் ஒலியை வாங்கும் துணை டிராக்கை) உருவாக்கி அதில் போடுங்கள். ப்ளக்கினின் மிக்ஸ் குமிழை 100 சதவீதம் வெட் (அசல் ஒலி கலக்காமல் ரிவெர்ப் மட்டும் வரும்) நிலையில் வைத்து, குரல் டிராக்கிலிருந்து போஸ்ட்-ஃபேடர் சென்ட் (டிராக்கின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்குப் பிறகு ஒலியைப் பிரித்தனுப்பும் வழி) மூலம் ஒலியை அனுப்புங்கள். மிக்ஸ் குமிழை 30 சதவீதத்தில் விட்டுவிட்டால், குரலின் அசல் ஒலியும் ஆக்ஸ் வழியாக இரண்டாம் முறை வந்து சேரும். ரிவெர்பைக் கூட்டுவதாக நினைத்து நாம் குரலையே கூட்டிக்கொண்டிருப்போம். சென்ட், ஃபேடருக்கு முன்பே பிரியும் ப்ரீ-ஃபேடராக இருந்தால், குரலைக் குறைத்தாலும் அதன் ரிவெர்ப் குறையாமல் அப்படியே நிற்கும்.

தொடக்கக் காலத்தில் நான் ஒவ்வொரு டிராக்கிலும் ஒவ்வொரு ஹால் ரிவெர்பைப் போட்டு மிக்ஸ் செய்திருக்கிறேன். தனித்தனியாகக் கேட்டபோது எல்லாம் நன்றாகவே இருந்தன. சேர்த்துக் கேட்டபோதோ, வெவ்வேறு கட்டடங்களில் உட்கார்ந்து வாசிப்பவர்களைப் போல இசைக்கலைஞர்கள் பிரிந்து நின்றார்கள். ஒரே ஆக்ஸுக்குப் பல டிராக்குகளை அனுப்பும்போது இந்தச் சிக்கல் எழுவதில்லை.

படி 3: டிகேயும் ப்ரீ-டிலேயும்

ஒலி 60 டெசிபெல் குறைந்து தேய எடுக்கும் நேரமே டிகே. இதைப் பாட்டின் வேகத்தை வைத்துத் தீர்மானியுங்கள். வேகம் 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) என்றால், 60,000ஐ 90ஆல் வகுக்க ஒரு தாளத்தட்டுக்கு 667 மில்லி விநாடி கிடைக்கும். இரண்டு தட்டுக்கு ஒருமுறை ஸ்நேர் டிரம் அடி விழுகிறதென்றால், இரண்டு அடிகளுக்கு இடையே சுமார் 1.3 விநாடி இருக்கிறது. டிகேயை அந்த அளவில் வைத்துத் தொடங்கினால், ஓர் அடியின் வால் அடுத்த அடிக்கு வழிவிட்டு மறையும்.

ப்ரீ-டிலே என்பது அசல் ஒலிக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் இடையே விடும் இடைவெளி. தமிழ்ப் பாடல்களில் இது மிக முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். ‘காற்று’, ‘பக்கம்’, ‘இப்போது’ ஆகிய சொற்களை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். இரட்டித்த வல்லினத்தில் நாக்கோ உதடோ மூச்சை அடைக்கும் அந்தச் சிறு நொடியில் ஓசையே இருக்காது. அந்த மௌனம்தான் ‘பகம்’ வேறு ‘பக்கம்’ வேறு என்று நமக்குக் காட்டுகிறது. முந்தைய உயிரொலியின் ரிவெர்ப் உரக்க வந்து அந்த மௌனத்தை நிரப்பிவிட்டால் சொல் குழைந்துவிடும். ப்ரீ-டிலே ஒவ்வோர் ஒலியின் தொடக்கத்தையும் முகம் தெரிய விடுகிறது. தட்டின் பதினாறில் ஒரு பங்கான 42 மில்லி விநாடியில் தொடங்குங்கள். பிறகு இரட்டித்த வல்லினம் வரும் ஒரு வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சொல் தெளியும் வரை சற்றே கூட்டியும் குறைத்தும் பாருங்கள். அப்போதும் குழைந்தே இருந்தால், குறைக்க வேண்டியது டிகேயையும் சென்டின் அளவையும்தான்.

படி 4: ரிவெர்புக்கு ஈக்யூ

ஆக்ஸ் டிராக்கில் ரிவெர்புக்கு முன்னால் ஓர் ஈக்யூவை (ஒலியின் அலைவெண் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ப்ளக்கினை) போட்டு, 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதையும் வடிகட்டுங்கள். இது லண்டனின் அபே ரோட் ஸ்டுடியோவின் பெயரால் அறியப்படும் பழைய முறை. கீழ்ப்பகுதியை நீக்கினால் மிக்ஸ் கலங்காது. மேற்பகுதியை நீக்கினால் ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் வாலில் சீறாது. குரல் மிகவும் மெலிவாகத் தோன்றினால் 600ஐ 300 வரை இறக்கலாம். சீறல் அப்போதும் இருந்தால், ரிவெர்புக்கு முன்னால், சீறொலிகளை அடக்கும் டீ-எஸ்ஸர் ஒன்றைச் சேருங்கள்.

படி 5: அளவை நிர்ணயித்தல்

எல்லா டிராக்குகளும் ஒலிக்கும்போதே இதைச் செய்யுங்கள். குரலை மட்டும் சோலோவில் வைத்துச் செய்தால் அளவு நிச்சயம் தவறும். சென்டை முழுவதும் இறக்கி, ரிவெர்ப் தனியாகக் காதில் படும் வரை மெல்ல ஏற்றி, அங்கிருந்து இரண்டு டெசிபெல் குறையுங்கள். பிறகு ஆக்ஸை மியூட் செய்து பாருங்கள். பாட்டு சட்டென்று வறண்டு சுருங்கினால் அளவு சரியாக இருக்கிறது. மோனோவிலும் (இடது, வலது ஒலிகள் ஒன்றாகக் கலந்த நிலையிலும்) ஒருமுறை கேளுங்கள். அகலமான ரிவெர்ப் அங்கே வெகுவாகக் குறைந்து ஒலிக்கும்.

படி 6: இரண்டாவது ரிவெர்பும் ஆட்டோமேஷனும்

டிரம்ஸுக்கு அரை விநாடி டிகே கொண்ட ரூம் ஒன்றை இரண்டாவது ஆக்ஸில் வைக்கலாம். கிக் டிரம்மையும் பேஸையும் பெரும்பாலும் எதற்கும் அனுப்பாமல் விடுவதே நல்லது.

கடைசியாக, சரணத்தின் இறுதிச் சொல்லில் மட்டும் குரலின் சென்டை ஆட்டோமேஷனில் (குறித்த இடத்தில் அளவைத் தானாக மாற்றும் வசதியில்) நான்கு டெசிபெல் ஏற்றுங்கள். அந்தச் சொல்லின் வால் நீண்டு இடைவெளியை நிரப்பட்டும். அடுத்த வரிக்காகப் பாடகர் மூச்சிழுக்கும் ஓசை கேட்பதற்கு முன்பே சென்ட் பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.