ட்ராயிங் நோட்டுக்கு மார்க் போடறப்போ நாம பண்ற தப்புங்க

"உங்களுக்குப் பிடிச்சத வரைங்க"ன்னு சொன்னா பாதி கிளாஸ் ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னமரம்னு வரைஞ்சு நீட்டும், நாமளும் நீட்டா இருக்கேன்னு ஏ கிரேடு போட்டுருவோம். மொதத் தப்பே இதுதாங்க, அது அண்ணன் நோட்டயும் பக்கத்து பெஞ்சையும் பாத்துப் போட்டது, புள்ள யோசிச்சது அதுல எதுவும் இல்ல.

ரெண்டாங்கிளாஸ்ல ஒரு பையன் பஸ் வரைஞ்சான். உள்ள உக்காந்திருக்கவங்க கால் வரைக்கும் தெரியுது, கண்டக்டர் டிரைவரவிட மூணு மடங்கு பெருசு. நான் சிவப்புப் பேனாவுல "அளவு சரியில்ல"ன்னு எழுதிட்டேன். அப்புறமா கேட்டா, "அவர்தான் மிஸ் என்னைய தூக்கி எறக்கி விடுவாரு"ங்கறான். அந்த வயசுல உள்ள இருக்கறத வெளிய தெரியற மாதிரி வரையறதும், மனசுக்கு முக்கியமானத பெருசா வரையறதும் இயல்பு, கலைக் கல்வி பத்தி ஆராய்ச்சி பண்ணுன விக்டர் லோவன்ஃபெல்டு 1947லயே இத நிலை நிலையா பிரிச்சு எழுதிட்டார், பாத்தது பாத்தபடி வரணும்ங்கற எண்ணமே ஏறக்குறைய ஒம்பது வயசுக்கு மேலதான் வருது. அதனால புள்ளையோட தாள்ல நம்ம பேனா படவே கூடாது.

அடுத்தது, பேசிட்டே இருந்தா, தண்ணிய கொட்டுனான்னு படத்துல மார்க்க குறைக்கறது. தமிழ்நாட்டுல 2012-13ல முப்பருவ முறையோட வந்த தொடர் மதிப்பீட்டுலயே மனப்பான்மை, மதிப்புகளுக்குன்னு தனி இடம் இருக்கு, நடத்தைய அங்க எழுதலாமே. எழுதறப்பவும் "அடங்காதவ"ன்னு எழுதாம, "பிரஷ் கழுவி வைக்கல, ஆனா பக்கத்துப் புள்ளைக்கு பச்சை கிரேயான் குடுத்தா"ன்னு கண்ணால பாத்தத எழுதுங்க.

கிரேயான்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஒருத்திகிட்ட 24 கலர் டப்பா, இன்னொருத்திகிட்ட ஒடஞ்ச மூணு துண்டு, ரெண்டு பேருக்கும் "கலரிங்"னு ஒரே அளவுகோல் வெச்சா நாம மார்க் போடறது அவங்க வீட்டு வசதிக்குங்க! எல்லா கிரேயானையும் ஒரு தட்டுல கொட்டி நடுவுல வெச்சுட்டா பாதிப் பிரச்சனை தீந்துடும்.

படத்த தூக்கிக் காட்டி கிளாஸையே சிரிக்க வைக்கறது மட்டும் வேணாங்க. புள்ளைங்கள மனசளவுல துன்புறுத்தக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவு சொல்லுது, அதவிட அந்தப் புள்ள அப்புறம் பென்சிலயே தொடாது.

நான் இப்ப ஒரு புள்ள ஜூன்ல வரைஞ்சதையும் டிசம்பர்ல வரைஞ்சதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, "இதப் பத்திச் சொல்லு"ன்னு கேட்டு, அந்தப் புள்ள சொன்னத தனியா ஒரு நோட்டுல அப்படியே எழுதிக்கறேன், கிரேடு அதுக்கப்புறம்தான்.