கல், கண்ணாடி மொசைக்: ஒட்டி முடித்த பிறகு கெடுத்துக்கொள்ளும் தவறுகள்

வெட்டும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், தூசியை மூக்கில் ஏற்றாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. புதிதாகக் கற்பவர்கள் வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் பெரிதாகச் சொதப்புவதில்லை. வாரக்கணக்கில் குனிந்து ஒட்டியதைக் கடைசி அரை நாளில் பாழாக்கிவிடுகிறார்கள். ஒட்டுவதற்கு முன்பும் ஒட்டும்போதும் நடக்கும் சில தவறுகளும் கடைசியில் உண்டு.

"கொஞ்சம் ஆசிட் விட்டா போயிடும்"

துண்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை அடைக்கும் சிமெண்ட் கலவைதான் கிரவுட். அதைப் பூசித் துடைத்த மறுநாள் துண்டுகளின் மேல் வெள்ளையாக ஒரு படலம் நிற்கும். உடனே யாராவது ஒருவர் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை எடுத்து நீட்டுவார். டைல்ஸ் வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவுவது நம் ஊர் வழக்கம்; செராமிக் டைலின் மேற்பூச்சு அதைத் தாங்கிக்கொள்ளும். மார்பிள் தாங்காது. கடப்பா கல்லும் ஜெய்சால்மர் மஞ்சள் கல்லும் தாங்காது. மூன்றுமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பாத்ரூம் ஆசிட்டிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் நுரைக்கிறதே, அது அழுக்கு கிளம்புவது இல்லை. கல்லே கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது.

கழுவிய ஈரத்தில் எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கும். காய்ந்ததும் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள்: பாலிஷ் செய்த முகம் சுண்ணாம்பு தேய்த்தது மாதிரி மங்கியிருக்கும். கறுப்புக் கல்லில் இன்னும் மோசம். கடப்பா கல் பின்னணியில் பச்சைக் கண்ணாடி மயில் வைத்த இரண்டடி வட்ட மேசை ஒன்று இப்படித்தான் போனது. அமிலம் கண்ணாடியை ஒன்றும் செய்யாது என்பதால் மயில் மின்னியது, சுற்றிலும் கறுப்பு முழுக்கச் சாம்பலாகிவிட்டது. வைரத்தூள் பதித்த டயமண்ட் பேட்களை 400, 800, 1500, 3000 என்று சொரசொரப்பு குறையக் குறைய மாற்றித் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பாலிஷ் திரும்பும்தான். ஆனால் கையால் ஒட்டிய மொசைக்கில் துண்டுக்குத் துண்டு அரை மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் உண்டு. பேட் மேடான துண்டைத்தான் தொடும், பக்கத்துக் கண்ணாடியில் கீறலும் போடும். ஒவ்வொரு கல்லாகக் கையால் தேய்க்க வேண்டியதுதான்.

கல்லோடு நிற்பதுமில்லை. சிமெண்ட் கிரவுட்டும் அமிலத்தில் அரிக்கும். இடைவெளி பள்ளமாகி நிறம் வெளுக்கும். வினையில் உண்டாகும் கால்சியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் உப்பு. சரியாக அலசாமல் விட்டால் இடைவெளிகள் மழைக்காலத்தில் திட்டுத்திட்டாக ஈரம் கோத்து நிற்கும்.

"மொசைக் தரைக்கு ஆக்ஸாலிக் ஆசிட் போட்டுத்தானே பாலிஷ் செய்கிறார்கள்?" என்று தவறாமல் ஒரு கேள்வி வரும். ஆமாம், சதுர மீட்டருக்கு சுமார் 33 கிராம் தூளைத் தூவி, தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார்கள். அதில் உண்டாகும் கால்சியம் ஆக்ஸலேட் நீரில் கரையாது. தேய்க்கத் தேய்க்க மேற்பரப்பிலேயே தங்கிப் பளபளப்புக் கொடுக்கும். பாத்ரூம் ஆசிட் கல்லைக் கரைத்துக்கொண்டு போகும். இரண்டையும் ஒன்றாக நினைப்பது எரிச்சலூட்டும் அறியாமை. சந்தேகம் இருந்தால் பாலிஷ் செய்த மார்பிள் துண்டு ஒன்றில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பத்து நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். தடம் இருக்கும்.

படலமே படியாமல் பார்த்துக்கொண்டால் இந்தப் பேச்சே வராது. கிரவுட்டை வடை மாவுப் பதத்தில் குழைத்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, மறுபடி கிளறிப் பூசுங்கள். பிறகு தண்ணீர் சேர்க்காதீர்கள். பூசி 15, 20 நிமிஷத்தில், விரலால் தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும், நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் குறுக்குவாட்டில் துடைக்க வேண்டும். ஒரு இழுப்புக்கு ஸ்பாஞ்சின் ஒரு பக்கம், பிறகு அலசல். சொட்டச் சொட்டத் துடைத்தால் கிரவுட்டின் சிமெண்டும் நிறமும் கரைந்து வந்து கல் மேல் படியும். நீங்கள் திட்டும் படலம் அதுதான். இரண்டு மணி நேரம் கழித்து உலர்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் தேய்த்துவிட்டு, பாலிதீன் போட்டு மூடி ஒரு நாள் விடுங்கள்.

அப்படியும் படலம் நின்றால் ஈர நைலான் தேய்ப்பானும் அமிலமோ காரமோ இல்லாத சோப்புத் தண்ணீரும் போதும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

சீலர் அடிக்காத வெள்ளைக் கல்லில் கறுப்பு கிரவுட்

கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐந்து நிமிஷத்தில் அந்த இடம் கறுத்தால் கல் குடிக்கிறது என்று அர்த்தம். நிறத்தையும் அப்படியே குடிக்கும். கல் குடிக்காமல் தடுக்கும் பூச்சுதான் சீலர். ஊடுருவும் வகை சீலரைக் கல்லின் முகத்தில் மட்டும் துணியால் தடவி, மிச்சத்தைத் துடைத்து, ஓர் இரவு விட்ட பிறகே கிரவுட். இடைவெளிக்குள் சீலர் இறங்கினால் கிரவுட் பிடிக்காது.

மணல் கலந்த கிரவுட்

இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிக்கு வேண்டாம். கண்ணாடியைக் கீறும்.

ஒளி ஊடுருவும் கண்ணாடிக்குச் சாம்பல் நிறப் பசை

அடியில் என்ன பூசினீர்களோ அதுதான் கண்ணாடியின் நிறம். வெள்ளை டைல் பசை எடுத்து, பசையைப் பரப்பும் பல்லுக்கரண்டி விட்ட வரிகளை மட்டமாக இழைத்துவிட்டு ஒட்டுங்கள். இல்லையென்றால் வரி வரியாகத் தெரியும். கண்ணாடி மேல் கண்ணாடி ஒட்ட மரவேலை வெள்ளைப் பசை ஆகாது. இரு பக்கமும் ஈரம் வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் பால் போலவே நிற்கும்.

ஸ்மால்டிக்கு கிரவுட் போடுவது

இத்தாலியக் கைவேலைக் கண்ணாடியான ஸ்மால்டியின் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. கிரவுட் அதில் புகுந்தால் நிறம் செத்துவிடும். ராவென்னா நகரத்து சான் விட்டாலே தேவாலயத்தில், 6ஆம் நூற்றாண்டு மொசைக்குகளில், துண்டுகளை ஈரச் சாந்தில் அழுத்திப் பதித்ததோடு சரி. எல்லாவற்றையும் ஒரே மட்டத்திலும் வைக்கவில்லை. ஏற்ற இறக்கமான அந்த முகங்கள்தான் வெளிச்சத்தைப் பல பக்கம் திருப்புகின்றன. மட்டப்பலகை வைத்துத் தட்டிச் சமன் செய்யும் ஆர்வத்தைத் தரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு வினிகர் வாடை அடிக்கும் சிலிகான்

பின்பக்க வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள்.

வெளிச்சுவருக்கு எம்.டி.எஃப். பலகை

மரநாரை அழுத்திச் செய்த பலகை அது; ஒரு மழைக்கு ஊதிவிடும். சிமெண்ட் போர்டு போடுங்கள்.