மாயா சாலைகளைப் பார்த்ததும் நாம் செய்யும் தவறுகள்

மெக்சிகோவின் யுகடான் காட்டில், மத்திய அமெரிக்கப் பழங்குடிகளான மாயா மக்கள் அந்தக் காலத்தில் போட்ட மேட்டுச் சாலைக்கு சாக்பே என்று பெயர். இரண்டு பக்கமும் கல் சுவர், நடுவே பெருங்கற்கள், அதன்மேல் சரளை, எல்லாவற்றுக்கும் மேலே இடித்து இறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புப் பொடி. இந்த நேர்த்தியைப் பார்த்ததும் பலருக்கு வண்டிகள்தான் கண்ணில் தெரிகின்றன. ஆனால் அவர்களிடம் வண்டியும் கிடையாது, இழுக்க மாடோ குதிரையோ கிடையாது. சுமையை நெற்றியில் கட்டிய பட்டையில் மாட்டி முதுகில் சுமந்தார்கள். சுமைகாரருக்கு ஒற்றையடிப் பாதையே போதும். அப்படியிருக்க, பல மீட்டர் அகலத்துக்கு ஏன் போட்டார்கள் என்று கேட்டால் ஊர்வலம், படை, அரசாங்கத்தின் கெத்து என்று பதில் வேறு பக்கம் போகும்.

அடுத்தது, வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவது. கோபா என்ற மாயா நகரத்திலிருந்து யாஷுனா என்ற இன்னொரு நகரத்துக்குச் சுமார் 100 கிலோமீட்டர் நீளும் சாலையையும் நேர்கோடு என்றே நினைத்திருந்தார்கள். 2020இல் வெளியான லைடார் (வானிலிருந்து லேசர் பாய்ச்சி நிலத்தை அளக்கும் முறை) ஆய்வு, அது ஆங்காங்கே வளைந்து வழியிலுள்ள குடியிருப்புகளைத் தொட்டுச் செல்வதைக் காட்டியது. இரண்டு முனையிலுள்ள நகரங்களை மட்டும் பார்த்தால் நடுவில் இருந்த சனங்கள் காணாமல் போய்விடுவார்கள்.

என் கணக்கில் பெரிய தவறு, சாலை எங்கே முடிகிறது என்று பார்க்காமல் விடுவதுதான். பெலீஸ் நாட்டில் உள்ள கராகோல் என்ற மாயா நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நகர மையத்திலிருந்து நாலாபுறமும் சாலைகள் கிளம்புகின்றன. பல சாலைகளின் முனையில் ஒரு பெரிய முற்றம். சந்தையும் நிர்வாக வேலையும் அங்கே நடந்திருக்கும் என்பது அங்கு தோண்டிய ஆய்வாளர்களின் கருத்து. காஹால் பிச்சிக் போன்ற சில முனைகள் முன்பு தனி ஊர்களாக இருந்து, கராகோல் வளர்ந்தபோது அதற்குள் போனவை. முனைகளுக்கு இடையே நேரடிச் சாலை பெரும்பாலும் இல்லை. பெரிய சாலையிலேயே போவதென்றால் மையத்துக்கு வந்துதான் திரும்ப வேண்டும். யார் கையில் பிடி இருந்தது என்பதற்கு இதைவிட என்ன கல்வெட்டு வேண்டும்?

சாலை இல்லாத இடத்தைக் காலி இடம் என்று எண்ணுவதும் தப்பு. கராகோலில் சாலைகளுக்கு நடுவே முழுக்க வீடுகளும் படிக்கட்டு வயல்களும்தான்.

அப்புறம், சாலை என்றால் நடக்க மட்டும் என்ற நினைப்பு. குவாத்தமாலாவில் உள்ள டிக்கால் என்ற மாயா நகரத்தில் ஒரு மேட்டுச் சாலையே அணைக்கரை: மேலே மனிதர்கள் நடந்தார்கள், பக்கத்தில் மழைநீர் தேங்கியது. வறண்ட மாதங்களில் ஊர் குடித்தது இப்படித் தேக்கிய நீரைத்தான்.